அக்கா கேட்காத வேகம்

1

நான் எழுத உட்கார்ந்தது வேறு கதை. அதில் ஒரு பழைய கார் பந்தயத்தில் ஜெயிக்கும். ஊரே கேலி பேசிய ஓட்டை வண்டி கடைசிச் சுற்றில் புது வண்டிகளை எல்லாம் மண்ணைக் கவ்வ வைக்கும். இப்படிப்பட்ட கதைகளை எழுதக் கை துறுதுறுக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். இருந்தாலும் துறுதுறுத்தது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். கார் எப்படி ஓடுகிறது என்று தெரியாது. ஆகவே பக்கத்துத் தெருவில் எஞ்சின் வேலை செய்கிறவரிடம் போனேன். அவருக்குத் தொழிலில் 'காதுக்காரர்' என்று பெயர். பானெட்டைத் திறக்கும் முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "மூணாவது வால்வு தட்டுது" என்பார். திறந்து பார்த்தால் அதுவேதான்.

பழைய எஞ்சினுக்கு பவர் ஏற்றுவது எப்படி என்று கேட்டதும் மனிதர் மலர்ந்துவிட்டார். வேலையைப் போட்டுவிட்டுப் பேசினார். வெறும் காற்றில் கையால் வால்வைத் திறந்தார், மூடினார். மறுநாளும் பேசினார். போகிற போக்கில் கேட்டேன்: "இதெல்லாம் நீங்க ஏதாவது வண்டிக்குச் செஞ்சிருக்கீங்களா?"

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"எங்கக்கா வண்டிக்கு."

என் பந்தயக் கதை அன்றோடு படுத்துவிட்டது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் எழுதியது இது:

அந்த மேட்டின் பாதியில் வண்டி நின்றபோது அக்கா தன் வாழ்க்கையையே—

வேண்டாம். மேட்டில் நின்ற வண்டியை வைத்து வாழ்க்கையைப் பேசும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அடுத்தது:

இரும்புக்கும் நினைவு உண்டு.

இதை எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். காதுக்காரரிடம் படித்தும் காட்டினேன். "இரும்புக்கு ஞாபகமெல்லாம் கெடையாது மேடம். சீவுனா சீவுனதுதான்" என்றார். அடித்துவிட்டேன்.

இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். கதைக்குள் அவரை 'அவன்' என்று எழுதப் போகிறேன். தலை நரைத்த மனிதரை அப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அக்காவின் பக்கத்தில் நிற்கும்போது அவர் அவனாகத்தான் இருந்தார். அதில்தான் வினையே ஆரம்பித்தது.

3

அக்கா திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி காட்டி, தைத்து, தானே கொண்டுபோய் மாட்டிவிட்டும் வருவாள். மாமா இருந்தவரை அவர்தான் கார் ஓட்டினார். அவள் பின்சீட்டில் துணிக்கட்டுகளோடு உட்கார்ந்திருப்பாள். மாமா போன பிறகு எல்லாரும் காரை விற்றுவிடு என்றார்கள். அக்கா யாரிடமும் வாதாடவில்லை. பேசாமல் போய் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். தன்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, இரண்டு தடவை தோற்று, உரிமம் வாங்கினாள்.

வாங்கின பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியவில்லை என்றால் வேகத்தில் அல்ல. (வேகத்தில் என்றால், சைக்கிளில் போகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்ப்பார்கள்.) வேலை இல்லாத நாளிலும் கிளம்பிவிடுவாள். துணிக்கடை வரைக்கும் என்பாள். ஏரிக்கரை வரைக்கும் என்பாள். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போங்க, போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். அவளுக்கு வண்டி ஓட்டுவது என்றால் மெதுவாக ஓட்டுவது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு, யார் வீட்டுத் திரை வெளுத்துவிட்டது, யார் இன்னும் பழைய புடவையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு ஓட்டுவது.

ஒரு நாள் தம்பியிடம் சொன்னாள்:

"கொஞ்சம் பாருடா. மேட்டுத் தெரு ஏர்றப்ப இழுக்க மாட்டேங்குது. பின்னாடி துணியும் ராடும் வேற. பாதியில நின்னு உருண்டுடுமோன்னு பயமா இருக்கு."

இவ்வளவுதான் அவள் கேட்டது.*

* உண்மையில் வண்டிக்கு என்ன கோளாறு என்று நான் கேட்டேன். "கார்ப்பரேட்டர்ல அழுக்கு. வால்வு இடைவெளி கூடியிருந்துச்சு. டைமிங் கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு" என்றார். சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். "காலையில ஆரம்பிச்சா மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவியிருக்கலாம்."

4

அவன் ஏன் அப்படிச் செய்யவில்லை?

இதற்கு நான் ஒரு நீளமான பத்தி எழுதி வைத்திருந்தேன். ஆசை என்பது, மனிதன் என்பவன் என்றெல்லாம் போனது. கிழித்துவிட்டேன். விஷயம் சின்னது. வாலிபத்தில் அவன் ஒரு பந்தய அணியின் பட்டறையில் வேலைக்கு இருந்தான். எஞ்சின் பாகங்களைப் பெட்ரோலில் கழுவி, துடைத்து, மேஜையில் வரிசையாக வைப்பது அவன் வேலை. மாட்டுவது வேறொருவர் வேலை. அவர் மாட்டும்போது கதவைச் சாத்திக்கொள்வார். இவன் வெளியே நின்று கேட்பான். எஞ்சின் முதல்முறை உறுமும்போது கதவில் காதை ஒட்டிக்கொள்வான். காது அங்கேதான் பழகியது. அணி கலைந்தது. அதற்குப் பிறகு வேன், வாடகைக் கார், பள்ளிப் பேருந்து. வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: குறைவாகக் குடிக்கணும், நிற்காமல் ஓடணும். எனக்கு ஒரு உறுமுகிற எஞ்சின் செய்து கொடு என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவும் கேட்கவில்லை. ஆனால் அக்கா வேண்டாம் என்று சொல்லமாட்டாள். அந்தப் பட்டறையில் அவன் கழுவிக் கழுவி வைத்ததும் இதே ரக எஞ்சின்தான்.

"அக்கா, கொஞ்ச நாள் வண்டியை என்கிட்ட விட்டுடு. மேடு என்ன, மலையே ஏறும்."

"மலையெல்லாம் எதுக்குடா?"

அவன் சிரித்தான். அது ஒரு கேள்வி என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

5

என்னென்ன செய்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் விட்டுவிட மனம் வராது.

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினான், 'ஹெட்' என்பார்கள். அதன் அடிப்பக்கத்தைக் கடைசலுக்குக் கொடுத்து மெல்லிசாகச் சீவினான். அப்படிச் சீவினால் உள்ளே காற்றும் பெட்ரோலும் அமுங்கும் இடம் சுருங்கும்; அமுக்கம் கூடக் கூட வெடிப்புக்கு வலு கூடும். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டின் மேடுகளை வேறு வடிவத்துக்குத் தேய்த்தான். இனி வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். வேகத்தில் எஞ்சின் நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்ப்பரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைத்தான். கனமான சுழல் சக்கரத்தைக் கடைந்து எடை குறைத்தான். இவ்வளவு வலுவைத் தாங்க கிளட்சுக்கு முரட்டு ஸ்பிரிங் போட்டான். காற்று போகும் துவாரங்களைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றினான். அதைச் செய்யும்போது பட்டறையில் பாட்டுப் பாடினானாம்.

இந்த மாதிரி எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தி மிதித்தால் பாயும். மெதுவாகப் போகச் சொன்னால் திணறும், குலுங்கும், நின்றுவிடும். அது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது. அக்கா எப்படி ஓட்டுவாள் என்பது இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்கு மனமில்லை.

வேலை முடிந்த அன்று அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டுத் தெருவில் ஏற்றினான். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. அக்கா இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"அடேயப்பா" என்றாள்.

அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். கிளம்பும்போதே நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள்; ஒரு குலுக்கு குலுக்கி மறுபடியும் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அக்கா கையை வெளியே நீட்டவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன.

"நல்லா மிதிச்சு எடுக்கா. பயப்படாத. பழகிடும்."

மிதித்தாள். வண்டி தாவிப் போய் யார் வீட்டுக் கேட்டிலோ உரசி நின்றது.

"பழகிடும்க்கா."

"ஆமாடா, பழகிடும்" என்றாள் அக்கா.

6

[நீக்கிய பகுதி. மழைநாள். மேட்டுத் தெரு இறக்கம். அக்கா பிரேக்கை மிதிக்கிறாள். எதிரே ஒரு லாரி—]

இதை எழுதியதற்குக் காரணம், முதல் வரைவைப் படித்த என் தோழி. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறாள். "எல்லாம் சரி, இதுல என்னதான் நடக்குது? கதைக்கு வேகமே இல்லையே" என்றாள். ரோஷம் வந்து அக்காவை லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். கண்ணில் நீர் வரவழைக்கும் மூன்று பக்கம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, கதை கேட்காத ஒன்றை நானும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. அக்காவுக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை. வண்டி இடித்த கேட்டில் கொஞ்சம் பெயிண்ட் போனது, அவ்வளவுதான்.

நடந்தது இது: அக்கா ஓட்டுவதை விட்டுவிட்டாள். விட்டதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

7

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவான். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகையில் வண்டி நிற்கும். உள்ளே போகும் முன் பானெட்டில் கையை வைத்துப் பார்ப்பான். மாட்டைத் தடவுகிற மாதிரி ஒரு பழக்கம். சூடாக இருக்கும்.

"எங்கக்கா போயிட்டு வந்த?"

"ஏரிக்கரை வரைக்கும். இப்பதான் வந்தேன்."

"எப்படி ஓடுது?"

"ராஜா மாதிரி ஓடுதுடா."

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான்: எங்கக்கா ஓட்டுறாங்க பாருங்க அந்த வண்டி.

(தோழி இங்கே மார்ஜினில் எழுதியிருக்கிறாள்: 'கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?' தெரியாது. அது மாமா காலத்திலேயே செத்துப் போய்விட்டது.)

ஒரு ஞாயிறு, அக்கா காபி போட உள்ளே போன நேரத்தில், சும்மா பார்ப்போமே என்று ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். நன்றாக ஓடும் வண்டியின் பிளக் முனை வெந்த செங்கல் நிறத்தில் இருக்கும். இவை கரி அப்பிக் கறுத்திருந்தன. விரலில் ஒட்டியது. நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடும் எஞ்சினில்தான் இப்படிக் கரி பிடிக்கும். நான்கும் ஒரே மாதிரி.

அவனுக்குப் புரிந்தது. புரிந்ததை நம்ப முடியவில்லை. பிளக்குகளைத் துடைத்து மாட்டிவிட்டு, உள்ளே போய்க் காபி குடித்தான்.

அடுத்த ஞாயிறு வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பினான். தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. சுமை இல்லாமல் ஓடும் எஞ்சினின் சத்தம் வேறு. ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் எஞ்சினின் சத்தம் வேறு. அவன் காதுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? மதில் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தான்.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. மடியில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அதன் கரையை மடித்துக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சின் தடுமாறும்போதெல்லாம், தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி, தலையை நிமிர்த்தாமலே ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தாள்.

தம்பி வரும்போது பானெட் சூடாக இருக்க வேண்டும் அல்லவா?

அவன் திரும்பி நடந்தான். கடைத்தெருவில் நின்றான். வழக்கமான நேரத்துக்கு வந்து, பானெட்டைத் தொட்டு, "எங்கக்கா போயிட்டு வந்த?" என்று கேட்டான்.

"துணிக்கடை வரைக்கும்டா."

8

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் கேட்கவில்லை? 'அக்கா, போதும், எனக்குத் தெரிஞ்சுபோச்சு' என்று சொல்ல ஒரு மூச்சு போதுமே.

அவரிடமே கேட்டேன். "எனக்காக இவ்வளவு சிரமப்பட்டுக்கிட்டிருக்காங்க. அதை எப்படி மேடம் பொய்யுன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?" என்றார்.

நியாயம்தான் என்று எழுதிக்கொண்டேன். அப்புறம் அவரே சொன்னார்: "அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். நெஜம் என்னன்னா, சொல்லிட்டா நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும்ல."

அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தான். ஒரு கையில் துணிக்கட்டு. இன்னொரு கையில் அவளைவிட உயரமான திரைக்கம்பி. பேருந்து வந்தது. நடத்துநர் கம்பியைக் காட்டி ஏதோ சொன்னார். அக்கா கெஞ்சுகிற மாதிரி சிரித்தாள். முதலில் கட்டைத் தூக்கிப் படியில் வைத்து, பிறகு கம்பியை ஏற்றி, அதையே பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள்.

அப்போது அவள் திரும்பி—

இல்லை. திரும்பவில்லை. நான்தான் இருவர் கண்ணும் சந்திக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் தன் ஸ்கூட்டரைப் பக்கத்துச் சந்தில் திருப்பி, பேருந்து போகும்வரை அங்கேயே நின்றான். இதைச் சொல்லும்போது காதுக்காரர் என்னைப் பார்க்கவில்லை.

9

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தான். சீவிய ஹெட்டில் உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது; தேய்த்த தண்டும் அப்படித்தான். வேறு வேண்டும். அந்த ரக வண்டியின் தயாரிப்பு நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் குவியல் குவியலாகக் கிளறினான். தெரிந்த மெக்கானிக்குகளிடம் சொல்லி வைத்தான். தண்டு ஒன்று கிடைத்தது, வளைந்திருந்தது. ஹெட் ஒன்று கிடைத்தது, விரிசல் விட்டிருந்தது. இரண்டு மழைக்காலம் போனது. ஞாயிறுகளில் அவள் பானெட்டைச் சூடாக்கினாள். அவன் அவளுக்குத் தெரியாமல் பிளக்கைத் துடைத்தான்.

கடைசியில் ஒரு கோழிப் பண்ணையில், தண்ணீர் இறைக்க வைத்திருந்த அதே ரகக் கார் எஞ்சினில் எல்லாமே நல்லபடியாகக் கிடைத்தன. சர்வீஸ் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"எதுக்குடா? நல்லாத்தானே ஓடுது."

"எண்ணெய் மாத்தணும்க்கா."

ஹெட், தண்டு, சுழல் சக்கரம், ஒற்றைக் கார்ப்பரேட்டர், பழைய மெத்தென்ற கிளட்ச். அந்த வேலையைச் செய்யும்போது அவன் பாடவில்லை. முடித்துவிட்டுச் சாவி போட்டபோது எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. பானெட் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தான், தண்ணீர் அசையவில்லை.

கொண்டுபோய் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினான். "ஒரு தடவை ஓட்டிப் பாருக்கா" என்றான்.

அக்கா வாசலிலிருந்து இறங்கி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் நடையை அவன் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. உட்கார்ந்தாள். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் மெல்ல ஓடியது. கிளட்சை மிதித்தாள், பாதி போனது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மறுபடி மிதித்தாள். பாதிதான் போனது.

"மூட்டு தேஞ்சுபோச்சாம்டா. டாக்டர் சொல்றாரு" என்றாள், ஏதோ அடுத்த வீட்டுக்காரியின் மூட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

வயதானால் தேயும் என்பது டாக்டரின் கட்சி. பேருந்துப் படி என்பது காதுக்காரரின் கட்சி. இன்றுவரை அவர் மாறவில்லை.

அக்கா கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். இறங்கவில்லை. தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டாள். அவள் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. பிறகு கவலை.

"என்னடா இது, சத்தத்தையே காணோம். அந்தப் பவரெல்லாம் எங்கடா போச்சு?"

"எடுத்துட்டேன்க்கா."

"ஏன்டா எடுத்த?" என்றாள் அக்கா. "உனக்கு அது அவ்வளவு புடிச்சிருந்துச்சேடா."

10

இதற்கு மேல் காதுக்காரர் சொல்லவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "நீங்கதானே எழுதுறவங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான்: பிளக், பச்சைத் திரைச்சீலை, சந்துக்குள் நின்றது. அக்கா அழுகிறாள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை நாள் அவள் காப்பாற்றி வைத்ததை ஒரே நிமிடத்தில் போட்டு உடைக்கிறான். இன்னொன்றில், "பெட்ரோல் ரொம்பக் குடிச்சுதுக்கா" என்று சொல்லிச் சமாளிக்கிறான். அவள் நம்புகிற மாதிரி தலையாட்டுகிறாள். அது அவனுக்குச் சுலபம். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில், "நகருக்கா, நான் ஓட்டுறேன், நீ ஜன்னலெல்லாம் பாத்துக்கிட்டு வா" என்கிறான். தோழி இதைத்தான் வைக்கச் சொல்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் இருக்கையிலிருந்து அவளை இறங்கச் சொல்ல அவனுக்கு வாய் வந்திருக்குமா?

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஒரு அக்கா இருந்தால், அல்லது நீங்களே ஒரு அக்காவாக இருந்தால், என்னைவிடத் தெரிந்திருக்கலாம். ஆகவே வண்டியை இங்கேயே நிறுத்துகிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா அவன் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறாள், தம்பிக்கு உடம்பு சரியில்லையோ என்கிற மாதிரி. அவன் குனிந்து, கார் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்கிறான்.

"அக்கா,